தேம்ஸில் மூன்று நண்பர்கள், ஒரு நாய், ஒரு படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி ஆங்கிலப் புத்தகத்தில் மூன்று பேர் பெட்டி கட்டப் படும் பாட்டைப் படித்துச் சிரித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதில் சிலர் பிறகு முழு நூலையும் தேடிப் படித்திருப்பார்கள். இன்னும் சிலர் இங்கிலாந்தில் வேலையில் இருந்துகொண்டு, "நாமும் ஒரு தடவை அவர்களைப் போலத் தேம்ஸில் படகில் போனால் என்ன?" என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் இரு தரப்புக்கும் சேர்த்துத்தான்.

எந்தப் புத்தகம் இது? படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஜெரோம் கே. ஜெரோம் எழுதி 1889-ல் வெளியான 'த்ரீ மென் இன் எ போட்'. லண்டன்வாசிகளான மூன்று இளைஞர்கள் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். கதை சொல்பவர் மருத்துவ அகராதியைப் புரட்டி, ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள நோய் எல்லாம் தனக்கு இருப்பதாக நம்புகிறவர். ஓய்வுக்காக கிங்ஸ்டனில் படகு எடுத்து, தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்போர்டு வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். கூட மோன்ட்மரன்சி என்ற ஃபாக்ஸ் டெரியர் நாய். யோசனை ஓட்டுக்கு வந்தபோது எதிர்த்தது அந்த நாய் மட்டும்தான்.

அதற்கு மேல் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. டப்பாவைத் திறக்கும் கருவியை மறந்துவிட்டு அன்னாசி டப்பாவோடு மல்லுக்கட்டுவது, நாற்றமடிக்கும் சீஸை ரயிலில் கொண்டுபோவது, சுவரில் ஒரு படத்தை மாட்ட வீட்டையே தலைகீழாக்கும் மாமா என்று கிளைக்கதைகள்தான் புத்தகம்.

இது உண்மையில் நடந்த பயணமா?

மூன்று பேரும் உண்மை. நாய்தான் கற்பனை.

'ஜே' என்று வருபவர் ஜெரோம். ஜார்ஜ் என்பவர் அவருடைய நண்பர் ஜார்ஜ் விங்க்ரேவ், வங்கி ஊழியர். ஹாரிஸ் என்ற பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தவர் அச்சுத் தொழில் நடத்திய கார்ல் ஹென்ட்ஷெல். மூவரும் சேர்ந்து பலமுறை தேம்ஸில் படகு வலித்தவர்கள். ஆனால் புத்தகத்தில் வருவது ஒரே பயணத்தின் நாட்குறிப்பு அல்ல.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜெரோமுக்கு 1888 ஜூனில் கல்யாணம் ஆனது. தேனிலவுக்கு மனைவியோடு போனதும் தேம்ஸுக்குத்தான், படகில்தான். திரும்பி வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தார். புத்தகத்தில் மனைவிக்கு இடமில்லை, இரண்டு நண்பர்களும் இல்லாத நாயும் ஏறிக்கொண்டார்கள். அந்த அம்மா இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

முதலில் இது நகைச்சுவைப் புத்தகமாகவே திட்டமிடப்படவில்லை என்கிறார்களே?

ஆமாம். தேம்ஸ் கரையின் ஊர்களையும் வரலாற்றையும் பற்றிய ஒரு நூலைத்தான் ஜெரோம் எழுத நினைத்தார். இடையிடையே சிரிப்புக்குக் கொஞ்சம் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தால், சிரிப்புதான் வழிந்தது, வரலாறு வர மறுத்தது. அதைத் தொடராக வெளியிட்ட 'ஹோம் சைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியரும் வரலாற்றுப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டார். மிச்சம் இருப்பவை இன்றும் நூலில் துருத்திக்கொண்டு நிற்கும். ரன்னிமீட் வந்ததும் திடீரென்று 1215-க்குப் போய் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்கு இணங்கிய காலைப்பொழுதை உருக்கமாக வர்ணிக்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் படித்தால் ஒன்றும் குடிமுழுகாது.

ஆனால் கோரிங் அருகே ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் மிதந்து வரும் பகுதியைத் தாண்ட வேண்டாம். கைவிடப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணின் கதை அது. 1887-ல் நடந்த ஒரு சம்பவத்தின் அடிப்படையில் எழுதப்பட்டது. சிரித்துக்கொண்டே வந்தவரை அது சட்டென்று நிறுத்தும்.

அந்தக் காலத்தில் ஏன் எல்லோரும் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்?

இந்தக் கேள்விக்குள்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது என்பேன்.

தேம்ஸ் ஒரு காலத்தில் சரக்கு ஆறு. மரக்கலங்களைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கும். ரயில் வந்த பிறகு சரக்கெல்லாம் தண்டவாளத்துக்கு மாறிவிட்டது. ஆறு காலியானது. அதே ரயில்தான் லண்டன்காரர்களை மெய்டன்ஹெட்டுக்கும் ஹென்லிக்கும் கொண்டுபோய் இறக்கியது. 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. குமாஸ்தாக்களுக்கும் சட்டப்படி சில விடுமுறை நாட்கள் கிடைத்தன. ஆற்றில் கூட்டம் எவ்வளவு பெருகியது என்றால், 1885-ல் தேம்ஸைப் பொழுதுபோக்குக்கான இடமாகப் பேணுவதற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. மெய்டன்ஹெட் பக்கத்தில் உள்ள போல்டர்ஸ் லாக்கில் (லாக் என்பது படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டி, விவரம் கீழே) ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரே தெரியாத அளவுக்குப் படகுகள் அடைத்துக்கொண்டு நிற்கும். வேடிக்கை பார்க்க மேலே கரையில் இன்னொரு கூட்டம்.

அதாவது, பணக்காரர்களின் ஆறாக இருந்தது சம்பளக்காரர்களின் ஆறாக மாறிய நேரம் அது. ஜெரோமே பதினான்கு வயதில் படிப்பை விட்டு, யூஸ்டனில் ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பாதையோரம் சிதறிக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்குவதும் அவர் வேலையில் ஒரு பகுதி. அப்படிப்பட்ட மனிதர், தன்னைப் போன்றவர்கள் பேசும் அன்றாட ஆங்கிலத்தில் எழுதினார். விமர்சகர்களுக்குப் பொறுக்கவில்லை. 'பஞ்ச்' என்ற நையாண்டிப் பத்திரிகை, 'ஹாரி' என்ற பெயரின் 'ஹ' ஒலியை விழுங்கி, அவரை "ஆரி கே. ஆரி" என்று கேலி செய்தது, லண்டன் கீழ்த்தட்டு மக்களின் உச்சரிப்பு என்று குத்திக்காட்டும் கிண்டல் அது. வாசகர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் திருட்டுப் பதிப்புகளே ஏராளமாக விற்றன. அதில் ஜெரோமுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.

அதே பாதையில் இன்றும் போக முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

தாராளமாகப் போகலாம். டெடிங்டனுக்கு மேலே தேம்ஸில் கடல் ஓதம் ஏறுவதில்லை, அதனால் கிங்ஸ்டன் முதல் ஆக்ஸ்போர்டு வரை அமைதியான ஆறுதான். தூரம் சுமார் 145 கிலோமீட்டர். ஹாம்ப்டன் கோர்ட் பக்கத்து மோல்சி தொடங்கி ஆக்ஸ்போர்டு வாசலில் உள்ள இஃப்லி வரை 31 லாக்குகளைத் தாண்ட வேண்டும்.

துடுப்புப் படகில் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் போதும். அதற்கு மேல் இலக்கு வைப்பவர்கள் இரண்டாம் நாள் மாலை உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முழுத் தூரமும் வேண்டாம் என்றால் ஹென்லியிலிருந்து விண்ட்சர் வரை மட்டும் போங்கள். மார்லோவும் கிளிவ்டன் காடும் அதற்குள் வந்துவிடும். இரண்டு மூன்று நாள் வேலை.

ஆக்ஸ்போர்டை நோக்கியா, ஆக்ஸ்போர்டிலிருந்தா?

ஆக்ஸ்போர்டிலிருந்து. தண்ணீர் லண்டனை நோக்கி ஓடுகிறது. எதிர்த்து வலிப்பதில் பெருமை உண்டு, சந்தேகமில்லை. அந்தப் பெருமை முதல் நாள் மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

லாக் என்றால் என்ன? துடுப்புப் படகில் அதற்குள் போவது ஆபத்தா?

ஆற்றில் தடுப்பணை கட்டி நீரைத் தேக்கியிருக்கும் இடத்தில், ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி. இரண்டு பக்கமும் கதவு. கீழ்நோக்கிப் போகும்போது நிறைந்த தொட்டிக்குள் படகை விட்டதும் மேல் கதவை மூடுவார்கள், தண்ணீர் வடியும், படகு மெல்ல இறங்கும், கீழ்க்கதவு திறக்கும். வெயில்காலத்தில் பகலில் லாக் காவலர் இருப்பார். அவர் சொல்வதைச் செய்தால் போதும். அவர் இல்லாத நேரத்தில் நாமே இயக்கிக்கொள்ளலாம், எப்படி என்று பலகையில் எழுதியிருக்கும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. படகின் கயிற்றைக் கரைக் கம்பத்தில் இறுகக் கட்டிவிடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தளர்த்திக்கொண்டே வர வேண்டும். அப்புறம், முன்பகுதியும் பின்பகுதியும் சுவரில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இவர்கள் ஒரு லாக்கில் புகைப்படக்காரருக்குப் போஸ் கொடுப்பதில் மும்முரமாக இருந்து, படகின் மூக்கு மரத்துக்கு அடியில் சிக்கியதைக் கவனிக்கத் தவறுவார்கள். இன்றைக்குக் கையில் செல்போன் இருப்பதால் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான ஆபத்து லாக்கில் இல்லை, பக்கத்துத் தடுப்பணையில் இருக்கிறது. எந்தப் பக்கம் லாக், எந்தப் பக்கம் அணை என்று அறிவிப்பு இருக்கும். அதைப் பார்க்காமல் திரும்பவே கூடாது. லாக்கில் சிவப்புப் பலகை மாட்டியிருந்தால் நீரோட்டம் பலமாக இருக்கிறது என்று பொருள். மோட்டார் இல்லாத படகு அன்றைக்குக் கரையில்தான். மஞ்சள் பலகை என்றாலும் கிளம்பாமல் இருப்பதே நல்லது.

துடுப்பு வலிக்கவே தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஸ்கிஃப் எனப்படும் நீளமான மரப்படகில் இரண்டு பேர் வலிக்க, ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பார்த்துக்கொள்வார். வலிப்பவர்களுக்கு முதுகுப் பக்கம்தான் படகு போகும் திசை. எதிரே வருவதைப் பார்க்கக்கூடியவர் சுக்கான்காரர் ஒருவர்தான் என்பதால் அந்த இடத்தில் தூங்குமூஞ்சியை உட்கார வைக்காதீர்கள். ஆற்றில் வலப்பக்கமாகப் போக வேண்டும். ஹென்லி, ரெடிங், ஆக்ஸ்போர்டு பக்கங்களில் எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகுகள் பயிற்சியில் பறந்து வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஹென்லியில் 1839 முதல் நடந்துவரும் படகுப் பந்தயத் திருவிழா. அந்த வாரம் அந்தப் பக்கம் போவதென்றால் வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள்.

நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மிதவைச் சட்டை எல்லோருக்கும் கட்டாயம்.

ராத்திரி எங்கே தங்குவது?

மூன்று வழி. இரும்பு வளையங்களை மாட்டி மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் படகே கூடாரமாகிவிடும் ஸ்கிஃப்கள் உண்டு. புத்தகத்தில் இவர்கள் தூங்குவது அப்படித்தான். அந்தத் தார்ப்பாயைக் கட்டுவதற்குள் ஹாரிஸும் ஜார்ஜும் அதற்குள்ளேயே சுருட்டிக்கொண்டு மூச்சுத் திணறுவார்கள். இரண்டாவது, சில லாக்குகளின் பக்கத்தில் கூடாரம் போட அனுமதி உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கரையோர விடுதி. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது இந்த மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்களின் நட்பு நீடிக்கும்.

கரை எல்லாம் பொது இடம் இல்லை. "படகு கட்டாதே" என்ற பலகை நிறைய இருக்கும். அதைப் பார்த்து ஜெரோமுக்கு வந்த கோபம் கொலைவெறி அளவுக்குப் போனது. நீங்கள் அடுத்த வளைவுக்குப் போய்விடுங்கள்.

நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நாய் இல்லாமல் போனால் யாரைத் திட்டுவீர்கள்? ஆனால் எந்த நாய் என்பதை யோசிக்க வேண்டும். ஃபாக்ஸ் டெரியர், நரியை வளைக்குள் போய் விரட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். கரையில் எலி, வாத்து, இன்னொரு நாய் எதைக் கண்டாலும் அதற்கு வேலை வந்துவிடும். புத்தகத்தில் நண்பர்கள் இருக்கிற மிச்சம் மீதியை எல்லாம் பானையில் போட்டுக் குழம்பு வைக்கும்போது, மோன்ட்மரன்சி தன் பங்காக ஒரு செத்த நீர் எலியைக் கவ்விக்கொண்டு வரும். அது கிண்டலா உதவியா என்பது கடைசிவரை தெளிவாகாது. டெரியர் வளர்த்தவர்களுக்கு இதில் மிகை எதுவும் தெரியாது.

படகுக்கு ஏற்றது, கூப்பிட்டால் வருகிற, சும்மா இருக்கத் தெரிந்த நாய். முதலில் கரையில் கட்டிய படகில் ஏறி இறங்கப் பழக்குங்கள். முதுகில் கைப்பிடி வைத்த நாய் மிதவைச் சட்டை வாங்குங்கள். தண்ணீரில் விழுந்த நாயைத் தூக்க அந்தக் கைப்பிடி இல்லாமல் முடியாது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் கழுத்து இறுகும். சங்கிலியை ஒருபோதும் படகில் கட்டாதீர்கள்; படகு கவிழ்ந்தால் நாயும் அதோடு போகும். யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும், முக்கியமாக லாக்குக்குள். அங்கே கரையில் நிற்பவரின் நாயைக் கண்டு உங்கள் நாய் பாய்ந்தால் மூன்று பேரும் குளிக்கலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேற்றி நடக்க விடுங்கள். தேம்ஸ் கரையோடு நடைபாதை போவதால் ஒருவர் நாயோடு நடந்தே அடுத்த லாக்குக்கு வந்துவிடலாம். முறை போட்டுக்கொண்டால் படகில் இடமும் கிடைக்கும். பாதையில் மாடு மேயும் இடங்களில் மட்டும் சங்கிலியைக் கழற்ற வேண்டாம்.

வெயில்காலத்தில் தேங்கிய ஓரங்களில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் நாயைத் தண்ணீரில் விடவே கூடாது. அதைக் குடித்தால், ஏன், உடம்பை நக்கினால்கூட, உயிருக்கே ஆபத்து. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நோய் மனிதருக்கும் வரும் என்பதால் கையில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். துடுப்பு பிடித்தால் புண் வராமல் இருக்காது.

சென்னையிலிருந்து எங்கள் நாயையே கொண்டுவரலாமா?

ஒரு வார விடுமுறைக்காக என்றால் வேண்டவே வேண்டாம். மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, அதற்கு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு, நாடாப்புழு மருந்து, இவ்வளவுக்கும் பிறகு விமானத்தில் சரக்காக மட்டுமே பிரிட்டனுக்குள் வர முடியும். அங்கேயே நாய் வளர்க்கும் நண்பர் ஒருவரைக் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் துடுப்பு வலிக்கத் தெரியாவிட்டாலும் சேர்க்கலாம்.

அன்னங்கள் தாக்கும் என்பது உண்மையா?

ஷிப்லேக்கில் ஹாரிஸ் தனியாக அன்னப் படையோடு போரிட்டதாகச் சொல்லும் கதையில், அன்னங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மாறும். ஆனால் கூடு கட்டும் வசந்த காலத்திலும் குஞ்சுகள் இருக்கும் கோடையிலும் அன்னம் சீறிக்கொண்டு வருவது உண்மைதான். இடைவெளி விடுங்கள், நாயைக் குனிந்து பார்க்க விடாதீர்கள். ஜூலை மூன்றாம் வாரத்தில் போனால், மன்னரின் ஆட்கள் சிவப்புச் சட்டையோடு படகில் வந்து குஞ்சுகளைப் பிடித்து எண்ணி, எடை பார்த்து விடுவதைப் பார்க்கலாம். குறி போடாத அன்னங்கள் மன்னருக்குச் சொந்தம் என்பது பழைய மரபு. வின்ட்னர்ஸ், டையர்ஸ் என்ற இரண்டு பழைய லண்டன் வணிகச் சங்கங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

கூடாது. புத்தகத்தில் இவர்கள் ஆற்று நீரில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு செத்த நாய் நிம்மதியாக மிதந்து வரும். இன்றைக்கு அது வராவிட்டாலும், கனமழைக்குப் பிறகு கழிவுநீர் கலக்கிறது. குழாய்த் தண்ணீர் பல லாக்குகளில் கிடைக்கும், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் என்ன வேலை செய்வது என்று சண்டை வராதா?

வரும். புத்தகத்தில் மூவருமே தான்தான் அதிகம் உழைப்பதாக நம்புகிறார்கள், மற்ற இருவரும் அதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். 130 வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தப் புத்தகம் பழசாகாததற்குக் காரணம் ஆறும் இல்லை, நாயும் இல்லை, இதுதான். மூன்று பேரைத் தப்பிக்க முடியாத ஓர் இடத்தில் அடைத்துப் பசிக்க விட்டால் என்ன பேசுவார்களோ அதை அப்படியே எழுதிவிட்டார்.

நடைமுறையில், மூன்று பேர் என்பது நல்ல எண்ணிக்கை. எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று முடிவு கிடைக்கும். வலிப்பதற்கு மணிக்கணக்கில் முறை வையுங்கள், லாக்குக்கு லாக் என்று வைத்தால் தூரம் ஒரே மாதிரி இருக்காது, அதற்கும் ஒரு வழக்கு நடக்கும். சமையலை ஒருவரிடமே விட்டுவிட்டு மற்றவர்கள் கருத்துச் சொல்லாமல் இருங்கள். லெமன் சாதம், புளியோதரை என்று முதல் நாளைக்குக் கட்டிக்கொண்டு போனால் அடுப்புப் பிரச்சினை ஒரு நாள் தள்ளிப்போகும். டப்பா உணவு வாங்கினால் இழுத்துத் திறக்கும் வளையம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மழை பெய்துகொண்டே இருந்தால்?

ஜூனில் லண்டன் பக்கம் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் எந்த மாதத்திலும் மழைக்கு உத்தரவாதம் உண்டு. மழை அங்கி, மாற்றுத்துணி, எல்லாம் போட்டுக் கட்ட நீர் புகாத பை. அதையும் மீறி இரண்டாம் நாளும் விடாமல் கொட்டினால் வீரம் காட்ட வேண்டாம். புத்தகத்தில் இவர்கள் திரும்பி வரும் வழியில் நனைந்து, குளிரில் நடுங்கி, பாங்போர்னில் படகைப் படகுக்காரரிடம் ஒப்படைத்து, நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு லண்டன் ரயிலைப் பிடித்துவிடுவார்கள். அந்த ரயில் நிலையம் இன்றும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரெடிங் வழியாக பாடிங்டன் போகலாம். நாய்க்கு டிக்கெட் கிடையாது, ஒருவர் இரண்டு நாய் வரை இலவசமாக ஏற்றலாம். படகு வாடகைக்குக் கொடுத்தவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவர் வந்து எடுத்துக்கொள்ளக் கூலி கேட்பார், கொடுத்துவிடுங்கள்.